மொரிசியைப் பாடும் மெக்சிகோக் குரல்கள்

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளியினர் பலருக்கு மொரிசி என்றால் உயிர். மான்செஸ்டரில் வளர்ந்த ராக் பாடகர் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை பித்து என்று பத்திரிகைகள் இன்னும் வியக்கின்றன. காதைத் தீட்டிக்கொண்டால் விடை பாட்டிலேயே கிடைத்துவிடும்.

மொரிசியிடம் போகுமுன் மெக்சிகோவின் மரபுப் பாட்டான ராஞ்சேரா கேளுங்கள். ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸின் பாடல்களில் இரண்டு மூன்று போதும். பிறகு ஹுவான் கப்ரியேல் எழுதி, ரோசியோ துர்கால் பாடிய ‘அமோர் எத்தெர்னோ’. இந்தப் பாட்டுகளில் தோற்றவன் தோல்வியை மறைப்பதில்லை. நாலு பேர் நடுவே குரலெடுத்து அழுகிறான், அதுவும் கம்பீரமாக. அதே செவியோடு, மொரிசி பாடிய ஸ்மித்ஸ் குழுவின் 1986ஆம் ஆண்டுப் பாடலான ‘தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்’டுக்கு வாருங்கள். காதலுக்குப் பக்கத்திலேயே சாவை உட்காரவைக்கும் அந்தப் பாட்டு, ராஞ்சேரா ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்நியமாக இருக்குமா? அக்குழுவின் ‘மிசரபிள் லை’யில் மொரிசி கள்ளக்குரலுக்குத் தாவும் இடத்தையும் கவனியுங்கள். மெக்சிகோவின் ஹுவாபாங்கோ பாடகர்களும் அப்படித்தான் தாவுவார்கள்.

இன்னொரு பந்தமும் உண்டு. மொரிசியின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அவருடைய ‘ஐரிஷ் பிளட், இங்லிஷ் ஹார்ட்’ பாட்டு அந்த இரட்டை வாழ்வைப் பாடுகிறது. அது இடம்பெற்ற 2004ஆம் ஆண்டு ஆல்பத்தின் ‘ஃபர்ஸ்ட் ஆஃப் த கேங் டு டை’யில் நாயகன் ஹெக்டர், லாஸ் ஏஞ்சலஸ் கும்பலொன்றின் இளைஞன். அந்நகரில் குடியிருந்த பாடகர், ரசிகர்களின் தெருவையே பாட்டாக்கிவிட்டார்.

அவர்கள் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதி மதுக்கூடமொன்றில் மொரிசி பாடல்களுக்கென்றே கரோக்கி இரவுகள் நடந்தன. மரியாச்சி மான்செஸ்டர் குழு அந்தப் பாடல்களை மெக்சிகோவின் மரியாச்சி இசையாக்கியது. மெக்சிகோவிலிருந்து கமிலோ லாராவின் மெக்ஸ்ரிசி குழு 2016இல் அவற்றை ஸ்பானியத்தில் பாடி ‘நோ மான்செஸ்டர்’ ஆல்பத்தைத் தந்தது. மூலப் பாடலை ஒருமுறை, ஸ்பானிய வடிவத்தை ஒருமுறை என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். டிரம்பெட் நுழைந்ததும், அந்தத் துக்கத்துக்குள் ஒரு விழாவே இருந்தது புரியும்.

கசப்பும் உண்டு. 2019இல் தீவிர வலதுசாரிக் கட்சியொன்றின் சின்னத்தை அணிந்து மொரிசி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அது வலித்தது. சிலர் விலகினார்கள், சிலர் பாடகரை விட்டுப் பாட்டை வைத்துக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே கேட்பதுதான் நேர்மை.

வில்லியம் இ. ஜோன்ஸின் 2004ஆம் ஆண்டு ஆவணப்படம் ‘இஸ் இட் ரியலி ஸோ ஸ்ட்ரேஞ்ச்?’ கிடைத்தால் விடாதீர்கள். அதில் ரசிகர்களே பேசுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரிப் பதிவு எதையாவது போட்டால், மேடையைச் சற்று மறந்துவிட்டுக் கூட்டம் பாடுவதைக் கேளுங்கள்.