வேட்டைக்காட்டுச் சொல்

மைதானத்தில் நாம் கூவும் ‘கேட்ச்’, வேட்டையாடியவர்கள் வாயில் புழங்கிய சொல். பிடிக்க முயல்வதைக் குறித்த ‘காப்தாரே’ என்ற லத்தீன் வினைதான் அதன் வேர். 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது துரத்துவதும் அதன் பொருள்தான். வேறொரு பிரெஞ்சு வட்டாரத்திலிருந்து அதன் உடன்பிறப்பான ‘சேஸ்’ வந்து சேர, துரத்தல் அதனிடம் போயிற்று. பிடிப்பது கேட்சிடம் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் இறந்தகாலமான ‘காட்’. பிரெஞ்சிலிருந்து வந்த வினை இப்படி உருமாறுவது அபூர்வம். பிடிப்பதையே குறித்த பழைய ஆங்கில வினை ‘லாட்ச்’. அதன் இறந்தகாலத்தைப் பார்த்துத்தான் கேட்ச் இப்படி மாறியது. லாட்ச் இன்று கதவுத் தாழ்ப்பாளில் வாழ்கிறது.

இதே கேட்ச்சைக் கொண்டு ஆங்கிலத்தில் மனிதர் சளியைப் பிடிக்கிறார். தமிழில் சளிதான் நம்மைப் பிடிக்கிறது.