மாடியேறிப் பார்த்த கிரகணம்: சென்னையும் கொழும்பும்

2019 ஜூலை 17, அதிகாலை ஒன்றரை மணி. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நானும் எதிர்வீட்டுப் பையனும் மட்டும் நின்றிருந்தோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது. நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேகம் வந்து வந்து போனாலும் நிலவின் பிரகாசம் மட்டும் குறையவில்லை. அதன் மேல் விளிம்பில் முதலில் புகை படிந்தாற்போல் ஒரு கறை. பத்து நிமிடத்தில் அது ஓரம் வளைந்த கருப்பாயிற்று. "யாரோ கடிச்ச மாதிரி இருக்கு, அங்கிள்" என்றான் பையன். அந்த வளைவுதான் நாங்கள் நிற்கும் பூமியின் வடிவம் என்று சொன்னேன். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு நிலவின் விட்டத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் நிழலுக்குள் போயிருந்தது. அப்போது கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அக்காவின் தொலைபேசி அழைப்பு. "தம்பி, நிலவு கடலுக்கு மேலை நிக்குது. மேகம் விலகினா வடிவாத் தெரியுது."

சந்திர கிரகணத்தின் சிறப்பு இதுதான். நிழல் விழுவது நிலவின் மேல். ஆகவே நிலவு தெரிகிற ஊர்களில் எல்லாம் அது ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. சூரிய கிரகணம்போல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியாவுக்கு முந்தி ஓடியது. ஒரே கிரகணத்துக்கு இரண்டு நேரம் குறிக்க வேண்டியிருந்தது. இன்று நேரமும் ஒன்று, நிழலும் ஒன்று. பார்க்கும் விதத்தில்தான் வேறுபாடு.

முதல் வேறுபாடு திசை. சென்னைக்குக் கடல் கிழக்கே. முழுநிலவு எழுவதைப் பார்க்க மெரினாவைப்போல் இடமில்லை. ஆனால் விடியற்காலைக் கிரகணத்தில் நிலவு மேற்கே சாய்ந்துவிடும், அங்கே கட்டடங்கள்தான். அன்று நாலரை மணிக்கு நிழல் விலகியபோது எங்கள் நிலவு பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. கொழும்புக்குக் கடல் மேற்கே. அக்கா தொடர்மாடிப் பல்கனியில் நின்றபடியே முடிவுவரை பார்த்தாள். கடலோரத்துக் காலி முகத்திடலுக்கு அவள் போகவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவசரகாலச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

இரண்டாவது வேறுபாடு நாட்காட்டி. சந்திர கிரகணம் முழுநிலவில் மட்டுமே வரும். இலங்கையில் ஒவ்வொரு முழுநிலவும் நோன்மதி (போயா) தினம், அரச விடுமுறை. இலங்கைத் தமிழில் முழுநிலவைப் பறுவம் என்போம். 2017 ஆகஸ்ட் 7 இரவு பகுதி கிரகணம் வந்தபோது நிக்கினிப் போயா. 2019இல் எசலப் போயா முடிந்த நள்ளிரவுக்குப் பின் கிரகணம். வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய்வந்த கூட்டம் ஏற்கெனவே நிலவின் நினைவோடு இருக்கிறது. பாளி நூல்களிலும் ராகு நிலவைப் பிடிக்கும் கதை உண்டு. சென்னையில் பௌர்ணமி கோயிலுக்கும் கிரிவலத்துக்கும் உரியது. அலுவலகத்துக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்குள் மட்டும் இரு கரையும் ஒன்றே. தண்ணீரிலும் ஊறுகாயிலும் தர்ப்பை, கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, கிரகணம் விட்டதும் தலைமுழுக்கு. என்னோடு சென்னையில் இருக்கும் அம்மா அன்று சன்னலைக்கூடத் திறக்கவில்லை. நாலரைக்கு, "விட்டிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அரை வாளியில் முழுக்கை முடித்தார். வெள்ளவத்தையில் அக்கா குழாயடியில் ஆறுதலாகக் குளித்துவிட்டு, அன்று ஆடிப்பிறப்பு என்பதால் கூழுக்குப் பனங்கட்டி கரைக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்தப் பழக்கங்களை நான் பழிக்கவில்லை. ஆனால் கிரகணத்திலிருந்து ஒளிந்துகொள்வது மட்டுமே நம் மரபு என்பதை ஏற்க முடியாது. 1760களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், தமிழர் ஒருவர் சோழிகளை அடுக்கி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு முக்கால் மணி நேரத்தில் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் நீளம் அந்தக் கணக்கில் 41 விநாடி மட்டுமே குறைந்தது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு விதமாகப் போனது. 1829 மார்ச் மாதக் கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் ஒரு நேரம் குறித்தார். வட்டுக்கோட்டை செமினரியின் அமெரிக்க மிஷனரி டானியல் பூர் அதில் கால் மணி நேரம் பிழை என்றார். அன்றிரவு நிலவு பூரின் கணக்கைச் சரி என்றது. புதுச்சேரியில் நாம் வென்றதும் வட்டுக்கோட்டையில் தோற்றதும் எனக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. கணித்தவர்கள் நாம். அந்தக் கணக்கைச் சோதிக்கும் வழி, வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பதுதான்.

அதற்கு நகரம் தடையே இல்லை. பால்வீதியை விளக்குகள் விழுங்கிவிட்டன. நிலவை விழுங்க அவற்றால் ஆகாது. தொலைநோக்கியோ கண்ணாடியோ தேவையில்லை, வெறுங்கண்ணால் பார்க்கலாம். சாதாரண பைனாகுலர் இருந்தால் நிழலுக்குள் இருக்கும் செம்பு நிறமும் ஓரளவு தெரியும்.

2028 ஜூலை 6 இரவு இரு நாடுகளிலும் மீண்டும் ஒரு பகுதி கிரகணம். நள்ளிரவை ஒட்டி உச்சம். விட்டத்தில் 39 சதவீதம் மறையும். அந்நேரம் நிலவு உயரத்தில் இருப்பதால் கடல் எந்தப் பக்கம் என்ற கவலை எங்களில் யாருக்கும் இராது. அக்கா பல்கனியை விட்டுத் தன் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். அம்மாவை நான் கைபிடித்து அழைத்துப் போவேன். பஞ்சாங்கத்தையும் அவர் கையில் எடுத்து வரட்டும். போட்டிருக்கும் நேரம் சரியா என்று சேர்ந்தே பார்ப்போம்.