பக்கவாத்தியத்தின் மாண்பு

மாண்டலின் பயில்வோருள் பலர், விரலின் வேகமே வித்தையென்று மயங்குகின்றனர். அமெரிக்க நாட்டுப்புறப் பிடில் மெட்டுகளை அவர்கள் வாசிக்கக் கேட்போர் இதனை எளிதில் உணர்வர்.

அம்மெட்டுகள் ஆட்டத்திற்கென்றே பிறந்தவை. பெரும்பாலும் இரு பகுதிகள் உடையவை. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வரும். மாண்டலினின் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாகப் பிடிலின் நான்கு சுருதிகளுக்கே கூட்டப்படுவதால், பிடிலில் பழகிய விரல் இதிலும் தடுமாறாது. ஆனால் வில் இல்லை; நாதம் நீளாது. அவ்விடைவெளியைத் தாங்குவது யாது? கிதாரே என்க. கனத்த தந்தியில் ஓர் அடி, அடுத்து மெல்லிய தந்திகளில் ஒரு வருடல். இவை பிசகாது நிற்பின் மெட்டு தானே நடக்கும்.

இவ்வுண்மைக்குச் சான்று, ‘புளூகிராஸ்’ இசையைத் தோற்றுவித்த கெண்டக்கி மாநிலத்துப் பில் மன்ரோ (1911–1996). இளமையில் அவர் தம் தாய்மாமன் பென் வாண்டிவரின் பிடிலுக்குக் கிதார் வாசித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞருக்கும் அவ்வாறே துணை நின்றார். 1931-இல் மறைந்த ஷுல்ட்ஸின் இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவரிடம் தாம் பட்ட கடனை மன்ரோ மறைத்தாரில்லை. பிறர்க்குத் துணைநின்று பழகிய கையாதலின், அது மாண்டலினில் எத்துணை விரைந்தபோதும் தாளம் சிதறவில்லை.

ஆதலின் இளைஞர்காள்! மேடையில் முன்னிற்க விழைவோர், முதலில் பிறர் மெட்டுக்குக் கிதார் வாசித்துப் பழகுக. தாங்கத் தெரியாதவன் கையில் மெட்டு ஓடும், ஆடாது.