எழுபது சதவீதம் தோற்ற இரவு

2022 ஜனவரி 29. ஸ்பெயினின் கடற்கரை நகரமான பெனிடோர்மில், அந்த ஆண்டு யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதற்கான இறுதிச் சுற்று. தொலைபேசி வாக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் அள்ளியது டான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்களின் குழு. வென்றதோ ஷனெல் டெரேரோ. அவருக்கு விழுந்த தொலைபேசி வாக்கு 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அன்றிரவே நாடு கொந்தளித்தது. தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் முன்பு ஷனெலோடு வேலை செய்தவர் என்ற செய்தி எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. விவகாரம் நாடாளுமன்றக் கேள்வி வரை போனது. வசவு தாங்காமல் ஷனெல் ட்விட்டரை விட்டே விலகினார்.

இது எப்படி நடந்தது? மொத்தப் புள்ளிகளில் பாதி உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்களின் கையில். கால் பங்கு, பொதுமக்களிலிருந்து மாதிரியாகப் பொறுக்கி எடுத்த ஒரு குழுவிடம். மிச்சக் கால் பங்குதான் தொலைபேசி வாக்கு. அதிலும் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்பதற்கு மதிப்பில்லை. யார் எத்தனையாவது இடம் என்பதே கணக்கு. முதலிடத்துக்கு 30, அடுத்ததற்கு 25, மூன்றாவதற்கு 20. தொலைபேசி வாக்கில் ஷனெல் மூன்றாவது என்பதால், எழுபதுக்கும் நாலுக்கும் இடையில் கிடந்த பள்ளம் பத்தே புள்ளியாகத் தூர்ந்துபோனது. வல்லுநர்கள் ஷனெலுக்கு 51, டான்ஷுகெய்ராஸுக்கு 30 என்று கொடுத்திருந்தார்கள். கடைசியில் ஷனெல் 96, இன்னொரு போட்டியாளரான ரிகொபெர்தா பந்தினி 91, டான்ஷுகெய்ராஸ் 90.

டான்ஷுகெய்ராஸ் பாடியது ஸ்பெயினின் வட்டார மொழிகளில் ஒன்றான கலீசிய மொழியில். அந்த மொழிப் பாட்டு ஒன்று அதுவரை ஸ்பெயின் சார்பில் யூரோவிஷன் மேடை ஏறியதே இல்லை. 1968-இல் செர்ராட் என்ற பாடகர் இன்னொரு வட்டார மொழியான கட்டலானில் பாடுவேன் என்று நின்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி சம்மதிக்கவில்லை. அவருக்குப் பதிலாக மாசியேல் போய், 'லா லா லா' பாடலை ஸ்பானிய மொழியில் பாடி வென்று வந்தார். அந்தப் பழைய காயம் தெரிந்தவர்களுக்கு 2022-இன் கோபம் வெறும் ரசிகர் சண்டையாகத் தெரியாது.

ஆனால் மே மாதம் இத்தாலியின் துரின் நகரில், யூரோவிஷன் இறுதிப் போட்டியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, மூன்று நிமிடத்துக்கு மேல் பாடக் கூடாது, முதன்மைக் குரல் நேரலையில் ஒலிக்க வேண்டும். இந்த விதிகளுக்குள் ஷனெலும் ஐந்து நடனக் கலைஞர்களும் செய்த வேலை அபாரம். காளைச் சண்டை வீரரின் உடையை நினைவூட்டும் மேலங்கி, மூச்சு வாங்காமல் வந்த குரல், பாட்டை நிறுத்திவிட்டு முழுக்க நடனத்துக்கே விட்ட பகுதி என எதிலும் பிசிறில்லை. மொத்தம் 459 புள்ளிகள், மூன்றாமிடம். 1995-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு இதுதான் மிகச் சிறந்த இடம். நடுவர்கள் தந்தது 231, மக்கள் தந்தது 228. இரண்டு பட்டியலிலும் மூன்றாமிடம்! ஊரில் அவரை ஒதுக்கிய அதே தொலைபேசி, எல்லைக்கு வெளியே அவருக்காக ஒலித்தது.

யூரோவிஷனில் எந்த நாட்டிலிருந்தும் அந்த நாட்டுக்கே வாக்களிக்க முடியாது. சொந்த மண்ணில் ரன் குவித்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை வெளிநாட்டுத் தொடருக்கு அனுப்புவதில்லையே, அதே நியாயம்தான் இதற்கும். புள்ளி தரப்போகிற காதுகள் வெளியில் இருக்கும்போது, தேர்விலும் வெளிக்காதுகளுக்குப் பெரிய பங்கு வேண்டும். ஸ்வீடன் 2011 முதல் வெளிநாட்டு நடுவர்களுக்குப் பெரும் பங்கு தந்தது. 2012, 2015, 2023 என மூன்று முறை கோப்பையைத் தூக்கியது.

அதற்காக, வல்லுநர்கள் கை வைத்ததெல்லாம் பொன்னாகும் என்று நான் சொல்லவில்லை. 2017-இல் இதே ஸ்பெயினில் மனேல் நவாரோவும் மிரேலாவும் சம புள்ளியில் நின்றார்கள். மக்களின் விருப்பம் மிரேலா. முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பு அரங்கில் இருந்த மூன்று நடுவர்களிடம் வந்தது. அவர்கள் நவாரோவை அனுப்பினார்கள். அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த கீவ் நகரில் அவர் பெற்றது 5 புள்ளிகள், 26-ஆவது இடம், அதாவது கடைசி.

ஆக, ஷனெலின் தேர்வு சரி. எண்ணிய முறை தவறு. மக்களுக்குக் கால் பங்கு என்றால் அந்தக் கால் பங்கையாவது விழுந்த வாக்கின் விகிதப்படி பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்திருந்தால் அன்று டான்ஷுகெய்ராஸ் போயிருப்பார்கள், துரினில் அந்த மூன்றாமிடம் கிடைக்காமலும் போயிருக்கலாம். தெரிந்தேதான் சொல்கிறேன். காசு செலவழித்துத் தொலைபேசியில் அழைத்த மக்களின் வாக்கை அதன் எடைக்கு எண்ணுங்கள். நடுவர் இருக்கைகளில் பெரும்பாலானவற்றை வெளிநாட்டவருக்குக் கொடுங்கள். கணக்கு பிடிக்கவில்லை என்றால் கணக்குப் போட்டவர்களைக் கேளுங்கள், பாடியவரை விட்டுவிடுங்கள்.