துப்பறியும் நிருபனும் உடைமையும்

துப்பறியும் நாவலை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் ஆய்வு நெறியாகாது. அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜக்சன் பிறவுண் 1966இல் தொடங்கிய நாவல் வரிசையை இவ்வகையில் நோக்கலாம். அதன் நாயகன் குவில்லரன் ஒரு பத்திரிகையாளன். அவனுடைய சயாமியப் பூனைகளே துப்புகளைப் புலப்படுத்துகின்றன. ஆரம்ப நாவல்களில் அவன் மாநகரப் பத்திரிகையொன்றிற் சம்பளத்துக்கு உழைப்பவன். 1987இல் வெளிவந்த நாவலிலோ பெருஞ்செல்வத்துக்கு உரித்தாளியாகிறான். வடபுலச் சிற்றூரொன்றில் நிலைகொள்கிறான். அச்செல்வத்தை அவன் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோதும், ஊரின் புதிய பத்திரிகை அப்பணத்திலேயே தோன்றுகிறது. அதிலேயே அவன் எழுதுகிறான்.

ஆசிரியை டிற்றோயிற் நாளிதழொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவர். பத்திரிகைச் சூழலை அவர் நன்கறிவார் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கொலையாளியைத் தேடும் நிருபன் தன் பத்திரிகையைத் தாங்கும் உடைமையை விசாரிப்பதில்லை. குற்றம் தனிமனிதக் கோளாறாகச் சுருங்க, கொடை சமூக நீதியின் இடத்தைப் பெறுகிறது. இறுதியில் ஊர் அமைதிக்கு மீள்கிறது. அவ்வமைதி யாருடையது என்பதே நமது வினா.