காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பிளக்

யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இல் நின்றது. அதற்குப் பிறகு பிறந்த பையன்களும் அதன்மேல் பைத்தியமாகத் திரிகிறார்கள். 98 சிசி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிவதால் கரி பிடிக்கும். பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் உடல்நிலை தெரிந்துவிடும்: ஈரக் கறுப்பென்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, காப்பிப்பொடி நிறமென்றால் சரி. உப்புத்தாளில் தேய்த்து, கார்புரேட்டர் ஜெட்டை ஊதி மாட்டி, ஒரே உதையில் வண்டி உயிர்பெறும் சுகம் செல்ஃப் ஸ்டார்ட்காரனுக்குக் கிடைக்காது. சைலன்சருக்குள்ளிருக்கும் குழாயை உருவி, கரியை நெருப்பில் எரிப்பதும் உண்டு (அம்மாவின் அடுப்பில் வேண்டாம்). புகை, மைலேஜ் இரண்டிலும் இன்றைய வண்டிகள் எவ்வளவோ மேல். ஆனால் இரண்டாம் கியரில் முறுக்கினால் எழுகிறதே ஒரு சத்தம், அதை எந்த ஃபோர் ஸ்ட்ரோக்கும் தராது.