சின்ன எண்களின் கணக்கு

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 1946இல், 12 வயதில், முதல் வகை நீரிழிவு வந்தது. படித்தது பொறியியல். 1969இல், மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்ட இரத்தச் சர்க்கரை மீட்டர் ஒன்றை, டாக்டரான மனைவியின் பெயரில் 650 டாலருக்கு வாங்கினார். நாளுக்குப் பல முறை சோதித்து, எந்த உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது, ஒரு யூனிட் இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று எழுதி வைத்தார். தான் கண்டதை மருத்துவ உலகம் காதில் வாங்காததால், 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். நாளுக்கு 30 கிராம் மாவுச்சத்து, அதாவது காலையில் 6, மதியம் 12, இரவு 12 என்பது அவர் வகுத்த அளவு. 2025இல், 90 வயதில் இறந்தார்.

நம் வீட்டு இட்லி ஒன்றிலேயே எட்டு கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். அவர் கணக்கில் காலைப் பலகாரத்துக்கு ஒரு இட்லிகூடத் தேறாது. இதைக் கேட்டதும் சிரித்துவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். நகரக் கூடாது என்பது என் எண்ணம். 30 என்ற எண்ணைவிட, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பெரிது.

அந்தக் காரணத்தை நான் அக்கா வீட்டில் நேரிலேயே பார்த்தேன். அக்கா மகளுக்கு 16 வயது; ஒன்பது வயதிலிருந்து ஊசி. அன்று ராத்திரி நாலு தோசை. ஒன்றுக்கு 15 கிராம் என்று கணக்கிட்டு, 60 கிராமுக்கு ஆறு யூனிட் போட்டாள். அன்றைக்கு மாவு கொஞ்சம் இளகியிருந்தது. தோசை மெலிசாக வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. நாலு தோசையும் சேர்ந்து 45 கிராம்தான் இருந்திருக்கும். ஒன்றரை யூனிட் கூடுதல். அவளுக்கு ஒரு யூனிட் 40 இறக்கும், ஆக 60. நள்ளிரவு தாண்டி உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் 52. அக்கா சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கும்போது டம்ளரில் கரண்டி கடகடவென்று அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெர்ன்ஸ்டீன் சொன்னது இதைத்தான். மாவுச்சத்தைக் கண்ணளவில் மதிப்பிடுவதில் கால் பங்கு பிசகு சாதாரணம். 60 கிராமில் கால் பங்கு 15. எட்டு கிராமில் வெறும் இரண்டு. ஊசியும் அப்படியே. அளவு பெருகப் பெருக, அது உடம்பில் உறிஞ்சப்படும் வேகமும் நாளுக்கு நாள் கூடுதலாக மாறுபடும். உள்ளே போவது சிறிதானால் தவறும் சிறிது. இந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

பலன் இருக்கிறதா? 2018இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில், இந்த முறையில் சாப்பிடும் 316 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. சராசரி மாவுச்சத்து நாளுக்கு 36 கிராம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.67. 1993இல் முடிந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்றவர்களே 7ஐ ஒட்டித்தான் நின்றார்கள். அதற்கே கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தன. ஆனால் அந்த 316 பேரும் ஒரு சமூக ஊடகக் குழுவிலிருந்து தாமாக முன்வந்தவர்கள். முயன்று பார்த்துக் கைவிட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இப்படியும் முடியும் என்பதற்கு அது சான்று. எல்லோராலும் முடியும் என்பதற்கு அல்ல.

இனி ஆபத்துகள். மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு வற்றும். சர்க்கரை தாழ்ந்து மயங்கினால் போடும் குளுக்ககான் ஊசி அந்தச் சேமிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. டென்மார்க்கில் பத்துப் பேரிடம் செய்த சிறிய ஆய்வில், குறைந்த மாவுச்சத்து உணவில் அந்த ஊசியின் பலன் குறைந்தது. அடுத்தது கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலம். காய்ச்சல், வாந்தி நாளில் 'சாப்பிடவே இல்லையே' என்று ஊசியை நிறுத்தினால், மீட்டரில் 200கூடத் தொடாதபோதே இரத்தம் அமிலமாகிவிடலாம். குழந்தைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. கடும் கட்டுப்பாட்டில் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2018இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றைவிட எனக்குப் பெரிய பயம் நம் ஊர் ஊசியைப் பற்றியது. இங்கே எத்தனையோ பேர் போடுவது 30/70 கலப்பு இன்சுலின், காலையும் இரவும். அதில் உணவுக்கான பங்கையும் அடிப்படைப் பங்கையும் பிரிக்க முடியாது. காலையில் போட்டது மதியச் சோற்றையும் எதிர்பார்த்து உள்ளே காத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் பேலியோ வீடியோவைப் பார்த்து ஒருவர் மறுநாளே சோற்றை நிறுத்தினால், மத்தியானத்துக்குள் ரோட்டில் விழக்கூடும். இரண்டாம் வகைக்காரர் மாத்திரையை விட்ட கதையைக் கேட்டு முதல் வகைக்காரர் ஊசியை விட்டால், உயிரே போகும்.

ஆகவே பெர்ன்ஸ்டீனின் கணக்கை ஏற்கிறேன். அவருடைய 30ஐ எல்லோருக்குமான விதியாக ஏற்கவில்லை. அடிப்படை ஊசியும் சாப்பாட்டு ஊசியும் தனித்தனியாகப் போடுகிற, நாளுக்கு ஆறேழு முறை சோதிக்க ஸ்ட்ரிப் வாங்க முடிகிற, கீட்டோன் பார்க்கத் தெரிந்த, அளவை மாற்றித்தர டாக்டர் இருக்கிற பெரியவருக்கு 30 நல்ல வழியாக இருக்கலாம். கலப்பு ஊசிக்காரருக்கு முதலில் மாற வேண்டியது ஊசி. தட்டு அதற்குப் பிறகுதான். வளரும் பிள்ளைக்கு 30 வேண்டாம், ஆனால் அளவு வேண்டும்.

அக்கா வீட்டில் இப்போது டாக்டரிடம் பேசி இரவு இரண்டு தோசையும் இரண்டு முட்டையும் என்று வைத்திருக்கிறார்கள். முட்டையின் புரதம் மூன்று மணி நேரம் கழித்து மெதுவாக ஏற்றுவதால், படுக்கும் முன் ஒரு தடவை பார்க்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சின்னத் தராசு இருக்கிறது. குழிக்கரண்டியால் மாவு மொண்டு, அதில் வைத்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கல்லில் ஊற்றுகிறாள் அக்கா மகள்.